முதலில் சாப்பாடு, பிறகு கேள்வி

கேள்வி: சுவாமி, நான் மன்னார்ப் பக்கம் பிறந்தவன். இப்போது பாடனில் இருக்கிறேன். ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை. ஞாயிறும் திங்களும்தான் லீவு. மகனுக்கு 13 வயது. முந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வந்தவன், இப்போது கூப்பிட்டால் முகத்தைச் சுளிக்கிறான். அவனுடைய சுவிஸ் கூட்டாளியைத் தகப்பன் அடிக்கடி மலைக்குக் கூட்டிப்போய், நெருப்பு மூட்டிச் சாப்பிட்டு வருகிறாராம். "நாங்கள் ஏனப்பா ஒரு இடமும் போறதில்லை?" என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த பயணம் மடுவுக்குப் போனதுதான். காரணம் இல்லாமல் மலையில் ஏறி இறங்குவதில் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமையை அதற்குச் செலவழிக்கலாமா? போனாலும் அவனோடு என்னத்தைக் கதைப்பது? நான் தமிழில் கேட்டால் அவன் டொச்சில் பதில் சொல்கிறான்.

பதில்: சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, சனிக்கிழமை மாலைப் பூசையில் பங்குபற்றினாலும் ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். சனி மாலை உங்களுக்கு வேலை இருக்கும் என்பதும் தெரியும். அப்படியானால் ஞாயிறு காலைப் பூசைக்குப் போங்கள். அது முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். கோடையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் நாட்டில் இது பெரிய சிக்கல் அல்ல. திங்கள் உங்களுக்கு லீவுதான் என்றாலும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஆகவே ஞாயிறை விட்டால் உங்கள் இருவருக்கும் பொதுவான நாள் கிடையாது. பூசையா, மலையா என்று மகனுக்கு முன்னால் ஒரு போட்டியை வைத்துவிடாதீர்கள். 13 வயதுப் பிள்ளை எதைத் தெரிவு செய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவன் தெரிவு செய்துகொண்டே இருப்பான்.

அடுத்தது, காரணம் இல்லாமல் நடப்பது. மடுவுக்குப் போனதைக் காரணமுள்ள பயணம் என்கிறீர்கள். சரிதான். ஆனால் ஆடி இரண்டாம் திகதித் திருவிழாவுக்குப் போன சின்னப் பையனாக உங்களை நினைத்துப் பாருங்கள். காட்டுப் பாதை, மரத்தடியில் கூடாரம், மூன்று கல் வைத்து அம்மா சமைத்த சோறு, அப்பாவோடு குளிக்கப் போனது. அது பாலைப்பழக் காலம். ஒரு பை நிறைய வாங்கித் தின்று, பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ள, அதோடு செபமாலைக்குப் போய் உட்கார்ந்த பிள்ளைகளில் நீங்களும் ஒருவராக இருந்திருப்பீர்கள். அந்த வருடப் பிரசங்கத்தில் ஒரு வசனமாவது ஞாபகம் இருக்கிறதா? பிரசங்கம் வைக்கிற ஆள் நான், நானே கேட்கிறேன். மாதாவிடம் போன பயணமும் அப்பாவோடு காட்டில் கிடந்த நாட்களும் உங்களுக்குள் ஒன்றாகவே பதிந்திருக்கின்றன. உங்கள் அப்பா அவற்றைப் பிரித்து, இது பக்தி, இது பொழுதுபோக்கு என்று சொல்லித் தந்திருக்க மாட்டார்.

நாசரேத்துக் குடும்பமும் வருடா வருடம் பாஸ்காவுக்கு எருசலேம் போய் வந்தது. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை, பல நாட் பயணம். இயேசுவுக்கு 12 வயதானபோது நடந்ததை லூக்கா எழுதியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் பிள்ளை சொந்தக்காரரோடு வருகிறான் என்று நினைத்து, ஒரு நாள் முழுக்கப் பெற்றோர் நடந்துவிட்டார்கள். இதைக் கவலையீனம் என்று படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 12 வயதுப் பையனை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்காத வீடு அது. மூன்றாம் நாள் கோயிலில் கண்டுபிடித்தபோது கேள்வி கேட்டவர் மரியாள். சூசையப்பர் சொன்னதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. அங்கே மட்டுமல்ல, நான்கு நற்செய்திகளிலும் அவருடைய வாயிலிருந்து வந்த ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. பிள்ளை சொன்ன பதில் பெற்றோருக்கு விளங்கவில்லை என்பதையும் லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். அதற்குப் பிறகும் மூவரும் ஒன்றாகவே நாசரேத்துக்குத் திரும்பினார்கள். பிள்ளையின் பேச்சு விளங்காமல் போவது டொச் தெரியாத தகப்பனுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல.

ஆகவே என்ன கதைப்பது என்ற கவலையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எங்கே போவது என்பதையும் அவனிடமே விடுங்கள். பாடனில் இருக்கிற உங்களுக்கு ரெயிலேறித்தான் மலைக்குப் போக வேண்டும் என்றில்லை. பழைய மரப்பாலத்தைத் தாண்டி லிம்மாத் ஆற்றின் மறுகரைக்குப் போனால், ஷார்டன்ஃபெல்ஸுக்கு ஏறுகிற படிகள் வரும். அங்கிருந்து லேகர்ன் மலையின் முதுகிலேயே ரெகன்ஸ்பேர்க் வரைக்கும் பாதை போகிறது. உயரம் 900 மீற்றரைத் தொடாது. ஆனால் சில இடங்களில் சுண்ணாம்புப் பாறை கத்தி முனையாக ஒடுங்கிவிடும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், பாறை வழுக்கும். மஞ்சள் பலகைகளில் ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கும். அதை மகன் வாசிக்கட்டும். பலகையில் போட்டிருப்பது நிற்காமல் நடப்பவனின் நேரம். உங்களுடைய முழங்காலுக்கு அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஊரில் வழி தெரிந்தவர் தகப்பன். பாம்புப் புற்று எது, எந்தக் குளத்தில் ஆழம் என்றெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இங்கே வழியும் பாஷையும் தெரிந்தவன் பிள்ளை. கடிதம் வாசிப்பதற்கும் கந்தோருக்கு ஃபோன் எடுப்பதற்கும் பிள்ளையைக் கூப்பிடுகிற தகப்பன்மார், அந்தக் கூச்சத்தை மறைக்க வீட்டில் குரலை உயர்த்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பூசைக்கு வா என்ற கட்டளையிலும் சில வேளை அந்தக் கோபமே கலந்திருக்கும். பிள்ளை கோயிலை வெறுப்பதாக நாம் நினைப்போம். அவன் வெறுப்பது அந்தக் குரலை. மலைப்பாதையில் அவன் முன்னால் போக, நீங்கள் பின்னால் போங்கள். எதிரே வருகிற முன்பின் தெரியாத சுவிஸ்காரர்கள் "க்ருயெட்சி" சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்காத அதே ஆட்கள்தான்! அவன் பதில் சொல்வதைக் கேட்டு நீங்களும் சொல்லுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

நெருப்பு மூட்டுகிற இடங்கள் காடுகளில் ஆங்காங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் விறகும் அடுக்கியிருக்கும். செர்வெலா என்கிற அந்தத் தடித்த சொசேஜின் இரண்டு நுனியையும் கத்தியால் சிலுவை போலக் கீறி, சீவிய தடியில் குத்திப் பிடிப்பார்கள். சூடு ஏற ஏறக் கீறிய நுனிகள் நாலு காலாக விரிந்து சுருளும், கொழுப்பு ஒழுகிச் சீறும். இதை மகன் உங்களுக்குக் காட்டித் தருவான். குசினியில் வேலை செய்கிறவர் என்பதற்காகக் கத்தியைப் பறித்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன கோழியைப் பிறகு நீங்கள் வாட்டலாம்.

சாப்பிட்ட பிறகு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் செய்தது அதுதான். இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களுக்குக் கரியடுப்பும் மீனும் அப்பமும் காத்திருந்தன. தன்னை மூன்று முறை மறுதலித்த பேதுருவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கேட்க வேண்டிய கேள்வி பெரியது. இருந்தும் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஆண்டவர் அதைக் கேட்கவில்லை என்று யோவான் எழுதுகிறார். நீங்களோ பூசைக்குப் போகும் வழியிலேயே, வெறும் வயிற்றோடு இருக்கிற பிள்ளையிடம் உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். (மலை, தகப்பன், மகன் என்றதும் ஆபிரகாமும் ஈசாக்கும் ஞாபகம் வரும். மலை உச்சியில் நின்று அந்தக் கதையை மட்டும் எடுக்க வேண்டாம்.)

ஏற்றம் வேண்டாத நாளில் ஆற்றோரமாக வெட்டிங்கன் மடத்துக்கு நடக்கலாம். புயலில் சிக்கிய ஒரு பிரபு கடலில் செய்த நேர்த்திக்காக, 1227இல் மாதாவின் பெயரால் எழும்பிய மடம் அது. கடலோரத்து ஆளான உங்களுக்கு அந்தக் கதையை அவனுக்குச் சொல்ல யாருடைய உதவியும் தேவைப்படாது. 1841இல் ஆர்காவ் அரசு மடங்களை மூடியது. இப்போது அங்கே கன்டோன் பள்ளிக்கூடம் நடக்கிறது. நாளைக்கு அவனே அங்கே படிக்கப் போகலாம்.

ஆகஸ்டில் மரியஸ்டைனுக்கு நம்மவர்கள் யாத்திரை போவார்கள்; நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே பாறைக்குள் இருக்கிற மாதாவைக் கும்பிட்டுவிட்டு, சோற்றுப் பார்சலோடு புல்லில் உட்கார்ந்து திரும்பிவிடுகிறோம். இந்த முறை மகனுக்கு ஒரு ஓவியத்தைக் காட்டுங்கள். 1541இல் அந்தப் பாறையிலிருந்து ஹன்ஸ் தூரிங் என்ற பிரபு வீட்டு மகன் விழுந்தான், உயிர் தப்பினான். அவனுடைய தகப்பன் மாதாவுக்கு நன்றியாக, நடந்ததெல்லாவற்றையும் படமாகத் தீட்டுவித்து வைத்தார். 13 வயதுப் பையன்களுக்கு விழுந்து தப்பிய கதைகள் பிடிக்கும்.

ஜூனியர் கார்டு எடுத்தால் 16 வயது வரைக்கும் தகப்பனோடு போகிற பிள்ளைக்கு ரெயிலில் தனி டிக்கெட் தேவையில்லை. உங்களுக்கு இன்னும் மூன்று கோடை இருக்கிறது.

கேள்வி: மகன் நாலு பேருக்கு முன்னால் செபமாலை எடுக்க வெட்கப்படுகிறான். மலைக்குப் போகும்போதாவது சொல்ல வைக்கலாமா? (பேர்ண் வாசகி)

பதில்: நீங்கள் சொல்லுங்கள், அவனைச் சொல்ல வைக்காதீர்கள். ஏற்றத்தில் ஒரு பத்து மணி சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கே மூச்சு வாங்கும். மிச்சத்தை அவன் எடுத்துச் சொன்னால் சந்தோஷம். சொல்லாவிட்டால் மாதா கோபிக்க மாட்டார்.

கேள்வி: சுவிஸின் பாதுகாவலர் புனித நிக்கொலாஸ் ஃப்ளூஎ மனைவியையும் பத்துப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போனவர். பிள்ளைகளோடு நேரம் செலவழியுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, இவரை எப்படிப் பீடத்தில் வைத்திருக்கிறீர்கள்? (லூசேர்ன் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. எனக்கும் அது முழுவதும் செரித்த விஷயம் என்று சொல்ல மாட்டேன். 1467 அக்டோபர் 16ஆம் திகதி அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. மனைவி டொரதேயா சம்மதித்தார் என்கிறது வரலாறு. அந்தச் சம்மதத்துக்கு அவர் எத்தனை இரவு அழுதிருப்பார் என்று வரலாறு எழுதவில்லை. 1947இல் கணவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. டொரதேயாவுக்கு இன்னும் இல்லை. என்னைக் கேட்டால் அதில் அநியாயம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தூர தேசம் போகவே கிளம்பினார். பாசல் பக்கம் லீஸ்டல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். திரும்பியவர் தங்கிய ரான்ஃப்ட் பள்ளத்தாக்கு, அவருடைய சொந்த வீட்டிலிருந்து இறங்கிப் போகிற தூரம்தான். இருபது வருடத்தையும் அங்கேயே கழித்து 1487இல் இறந்தார். கைக்குழந்தையாக விட்டுப் போன அந்த மகன் வளர்ந்து குருவானார். தகப்பனை வெறுத்து வளர்ந்த பிள்ளை அந்த வழிக்குப் போயிருப்பானா என்பதை நீங்களே யோசியுங்கள். இதையெல்லாம் சாட்டாக வைத்து, வாரம் ஏழு நாளும் வேலை, சங்கம், கோயில் நிர்வாகம் என்று வீட்டுக்கு வராமல் திரிகிறவர்கள் நிக்கொலாஸின் பெயரை இழுக்க வேண்டாம். அவர் சங்கக் கூட்டத்துக்குப் போகவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். லூசேர்னிலிருந்து ரெயிலில் சாக்ஸெல்ன்; அங்கே கோயிலில் அவருடைய கல்லறை இருக்கிறது. பிறகு போஸ்ட் பஸ்ஸில் ஃப்ளூஎலிக்கு ஏறி, அவர் பிறந்த வீட்டையும் பிள்ளைகளோடு வாழ்ந்த வீட்டையும் பார்த்துவிட்டு ரான்ஃப்டுக்கு இறங்குங்கள். இறக்கம் செங்குத்து, திரும்பி ஏறும்போது பெரியவர்களுக்கு மூச்சுத் திணறும். தண்ணீர்ப் போத்தலைப் பிள்ளைகளின் பையில் வையுங்கள்.