இடது கண்ணாடி

பிக்கப்பில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டால், உள்ளே தொங்கும் கண்ணாடிக்கு வேலை இல்லை. அதில் தெரிவது தார்ப்பாய்தான். பிறகு பின்பக்கம் பார்க்க மிஞ்சுவது கதவுகளில் இருக்கும் இரண்டு கண்ணாடிகள். அதிலும் இடது கண்ணாடி டிரைவர் கைக்கு எட்டாது. தனியாக ஓட்டுகிறவர் அதைத் திருத்த இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தால் கோணம் தப்பியிருக்கும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் சென்னைக் கச்சேரி ரோட்டில் இதை யார் செய்வார்? உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்சால் அசைக்கும் பவர் மிரரைச் சொகுசு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

*

இடப்பக்கமாக வருகிறவர்கள் யார் யார்? பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குப் போகும் ஸ்கூட்டி. சாப்பாட்டுப் பையோடு நுழைகிற டெலிவரி பையன். பஸ்ஸிலிருந்து தடுமாறி இறங்குகிற பெரியவர். இடதில் முந்துவது தப்புத்தான். ஆனால் தப்பு செய்தவர் உயிரும் உயிர்தான். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் தகரத் தடுப்பு வந்தபிறகு சாலை இன்னும் ஒடுங்கிப்போனது. தடுப்புக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஹேண்டில்பார் போகிற இடம் இருந்தால் போதும், அங்கே யாராவது இருப்பார்கள்.

*

1909-ல் டாரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண், கார் ஓட்டும் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் பாருங்கள் என்று அதில் யோசனை சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து, இண்டியானாபோலிஸின் முதல் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் தன் காரில் கண்ணாடி பொருத்தி ஓட்டி ஜெயித்தார். மற்ற கார்களில் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் கூடவே உட்கார்ந்திருந்தார். நம் ஊர் லாரியில் கிளீனர் பார்த்த வேலையும் அதுதான். சின்ன வண்டிகளில் இன்று கிளீனர் கிடையாது.

*

பவர் மிரருக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தால், புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. வாங்குமுன் கப்ளரைத் திருப்பிப் பின்களை எண்ண வேண்டும். கண்ணாடியை அசைக்க மட்டும் 3 ஒயர். மடிக்க இன்னும் 2. ஹீட்டருக்கு 2. இண்டிகேட்டர் இருந்தால் அதற்கும் சேர்த்து. மேல் வேரியன்ட்டின் கண்ணாடி கீழ் வேரியன்ட் கதவில் பெரும்பாலும் போல்ட்டுக்குப் போல்ட் பொருந்திவிடும். கதவுக்குள் ஒயர் வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. டோர் பேடைக் கழற்றாமல் அதற்குப் பதில் கிடைக்காது. ஹீட்டர் பனி நாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். ஐப்பசி மழையில் கண்ணாடியில் படிகிற ஈரத்தை அது உலர்த்தித் தரும்.

*

அந்த 3 ஒயரின் கணக்கு எனக்குப் பிடித்தமானது. உள்ளே இரண்டு குட்டி மோட்டார்கள்: ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். ஆளுக்கொரு ஒயர், இருவருக்கும் பொதுவாக ஒன்று. பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். அந்த இடமாற்றத்தைச் சுவிட்ச் செய்கிறது. ஆகவே டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டிவிட்டு ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு ஒயருக்கு நடுவே பார்க்க வேண்டும். மேலே என்று அழுத்தக் கண்ணாடி கீழே போனால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பக்கவாட்டில் போனால் மோட்டார் ஒயர்கள் இரண்டும் மாறியிருக்கின்றன. ஒன்றுமே அசையாவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து பொது ஒயர்.

*

எங்கள் வண்டியில் வந்த கோளாறு வேறு மாதிரி. கதவு திறந்திருந்தால் இடது கண்ணாடி ஒழுங்காக அசையும். சாத்தினால் நின்றுவிடும். ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் கேட்டுவிட்டு, "அப்ப ரப்பர்லதான் சார் இருக்கு" என்றார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒயர் போகும் ரப்பர் குழாயைச் சொல்கிறார். "கப்ளர்ல மீட்டர் வச்சா 12 வோல்ட் காட்டுதேண்ணே?" என்றேன். "காட்டும். வேலை குடுத்துப் பாருங்க" என்று 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்தார். மங்கலாக எரிந்தது. கதவைச் சாத்த அணைந்தது.

ஒற்றைச் செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. மோட்டார் இழுக்கும்போதுதான் அந்த இழையின் பலவீனம் வெளியே வரும்.

ரப்பரை உருவிப் பார்த்தோம். ஒயர்களின் மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். ஒன்று மட்டும் ரப்பர் பேண்டாக நீண்டது. உள்ளே செம்பு அநேகமாக முழுதும் அறுந்துபோய்ப் பிளாஸ்டிக்தான் பிடித்துக்கொண்டிருந்தது. தோலைச் சீவினால் இழைகள் பச்சை பூத்திருந்தன. மயிலாப்பூரிலும் அடையாறிலும் நிற்கிற வண்டிகளுக்குக் கடற்காற்று உண்டு. உப்பும் ஈரமும் புகுந்த செம்பு இப்படித்தான் ஆகும்.

*

அறுந்த இடத்திலேயே ஈயம் வைக்க அவர் ஒப்பவில்லை. கதவு திறக்க மூட அந்த இடம் வளைந்துகொண்டே இருக்கும். ஈயம் வைத்தால் ஒயர் அங்கே விறைக்கும், விறைத்ததன் விளிம்பில் மறுபடி முறியும். கதவுக்குள்ளிருந்து டேஷ்போர்டுக்குக் கீழ் வரை முழு நீளத்துக்குப் புது ஒயர் இழுத்தார். வளையாத இரண்டு முனைகளிலும் ஈயம் வைத்து ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். கூடவே கண்ணாடியை மடிக்கும் மோட்டாருக்கும் புது ஒயர் இழுத்து, அதற்குத் தனி ஃபியூஸ் வைத்தார். இந்தப் பொறுமைக்கு அவர் கேட்ட கூலி குறைவு என்றே எனக்குப் பட்டது. கூட்டிக் கொடுத்தேன்.

*

இதெல்லாம் கண்ணாடி விரிந்திருந்தால்தான் பயன். மாட வீதியிலும் உஸ்மான் ரோட்டிலும் இடிபடுமே என்று இடது கண்ணாடியை மடித்தபடியே நாளெல்லாம் ஓட்டுகிற வண்டிகள் எத்தனையோ. நிறுத்தும்போது மடியுங்கள், தப்பில்லை. எடுக்கும்போது விரித்துவிட்டு எடுங்கள்.