ஊற்றின் மேல் கொட்டிய மலை

வேல்ஸில் அபெர்வான் என்ற சுரங்கக் கிராமம். அதன் மேலே மலைச்சரிவில் ஏழு கழிவுமேடுகள். மெர்த்தர் வேல் சுரங்கத்தில் நிலக்கரியோடு வெளிவந்த கல்லையும் சேற்றையும் பல பத்தாண்டுகளாக அங்கேதான் கொட்டினார்கள். ஏழாவது மேடு 1958-இல் தொடங்கியது. அதன் அடியில் ஓர் ஊற்று இருந்தது. அரசு நில அளவை வரைபடத்திலேயே அது குறிக்கப்பட்டிருந்தது.

1966 அக்டோபர் 21 காலை ஒன்பதேகால் மணி. நீரில் ஊறிப்போயிருந்த மேடு கூழாகிச் சரிந்து, அப்போதுதான் வகுப்பு தொடங்கியிருந்த பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியை மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். பெத்தானியா தேவாலயத்தின் இருக்கைகளில் உடல்களைக் கிடத்தினார்கள்.

கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்ற கேள்வி இத்தகைய ஊரில் எழாமல் இருக்காது. ஆனால் அபெர்வான் எழுப்பும் கேள்விகளில் அதைவிடக் கடினமானது வேறொன்று: தெரியாமல் செய்தவர் மேல் பாவம் ஏறுமா?

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 76 நாட்கள் அமர்ந்து 136 சாட்சிகளைக் கேட்டது. கெட்ட எண்ணம் கொண்ட ஒருவரைக்கூட அது காணவில்லை. அறியாமை, திறமைக் குறைவு, ஒருவருக்கொருவர் தகவல் சொல்லாமை ஆகியவற்றையே கண்டது. அப்படியிருந்தும் பழி தேசிய நிலக்கரி வாரியத்தின் மீதே என்று 1967-இல் தீர்ப்பளித்தது.

அரிஸ்டாட்டில் இதைத் தம் அறவியல் நூலில் தொட்டிருக்கிறார். தன் அறியாமைக்குத் தானே காரணமானவன், அந்த அறியாமைக்காகவே தண்டிக்கப்படுவான் என்பது அவர் கருத்து. தாமஸ் அக்வினாஸ் மேலும் துல்லியமாகப் பிரிக்கிறார். அறிய முடியாததை அறியாதவன் மேல் குற்றமில்லை. அறிய முடிந்ததும் அறியக் கடமைப்பட்டதுமானதை அசட்டையால் அறியாமல் விட்டால், அந்த அறியாமையே பாவம். ஆங்கிலிக்க, கத்தோலிக்கப் பாவ அறிக்கைகளிலும் செய்த தவறுகளோடு செய்யத் தவறிய கடமைகளும் இடம்பெறுகின்றன.

அபெர்வானில் அறிய முடியாதது எது? 1939-இல் பக்கத்துப் பகுதியான கில்வனித்தில் கழிவுமேடு ஒன்று சரிந்தது. அதையொட்டி எச்சரிக்கைக் குறிப்பும் எழுதப்பட்டது. 1944-இல் அபெர்வானின் நான்காவது மேடு சரிந்தது. 1963-இல் ஏழாவது மேடே ஒருமுறை சரிந்தது. அதே ஆண்டு, பள்ளிக்குப் பின்னால் சேற்றுக் கழிவைக் கொட்டுவது ஆபத்து என்று நகராட்சிப் பொறியியல் துறை கடிதம் எழுதியது. இத்தனைக்கும் பிறகு மேட்டின் பொறுப்பு இயந்திரப் பொறியாளர்களிடம்தான் இருந்தது. மண்ணையும் நீரோட்டத்தையும் அறிந்த கட்டுமானப் பொறியாளர்கள் அதைக் கண்காணிக்கவில்லை. மேடுகளைக் கொட்டுவதற்கு வாரியத்திடம் பொதுவான கொள்கை எதுவும் இல்லை. அடியில் ஊற்று இருந்ததை யாரும் அறிந்திருக்க முடியாது என்று வாரியத் தலைவர் ராபன்ஸ் சொன்னதை மன்னிக்க இடமே இல்லை.

யாரும் பதவி இழக்கவில்லை, யார் மீதும் வழக்கு வரவில்லை. எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கு, பலியானோர் குடும்பங்களுக்காக மக்கள் கொடுத்த நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தத் தொகையைத் திருப்பித் தர 1997 வரை ஆயிற்று, அதுவும் வட்டியின்றி. பாவ அறிக்கை சொன்னால் போதுமா, பரிகாரம் வேண்டாமா என்ற பழைய இறையியல் வழக்குக்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சுரங்கக் கழிவுமேடுகளின் பாதுகாப்பைக் கடமையாக்கிய சட்டம் 1969-இல் வந்தது. இன்று மேடேறும் ஆய்வாளர் முதலில் தேடுவது தண்ணீரை. அடிவாரத்திலிருந்து கசிவது தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா? வடிகால் அடைத்திருக்கிறதா? உச்சியில் விரிசல் உண்டா, அடிப்புறம் உப்பியிருக்கிறதா? புல் விதைத்து மரம் நட்டுச் சீரமைத்த மேட்டில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் பசுமை விரிசலை மறைத்துவிடும்.

சுரங்கம் மூடி, கொட்டியவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடமை யாருடையது? வேல்ஸில் இப்படிக் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவுமேடுகள் சுமார் 2,500. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் மேடு ஒன்று சரிந்தபோது உயிர்ச்சேதம் இல்லை. அது அதிர்ஷ்டம் மட்டுமே. அதற்குப் பிறகே பட்டியல் தயாரித்து, அபாய அளவு வகுத்து, முறையாக ஆய்வு செய்யத் தொடங்கினார்கள். பயன்பாட்டில் இல்லாத மேடுகளையும் கண்காணிக்கும் சட்டத்தை வேல்ஸ் நாடாளுமன்றம் 2025-இல்தான் நிறைவேற்றியது. கொட்டாதவருக்கும் பார்க்கும் கடமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள ஓர் அரசுக்கு 59 ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது.