புறா ஏறிய தராசு

சீடன்: ஐயா, ஒரு புறாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசனை. ராயபுரம் பக்கம் மின்கம்பியில் மாஞ்சா நூல் சுற்றித் தலைகீழாகத் தொங்கியதாம். யாரோ இறக்கி, விலங்குக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். இறக்கைக் காயம் ஆறிவிட்டது. ஆனால் ஆள் உயரத்துக்கு எழும்புவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிடுகிறது. காலில் ஒரு வளையம் வேறு.

குரு: வளையம் என்றால் பந்தயப் புறா. குஞ்சு பொரித்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் முன்விரல்களைச் சேர்த்துப் பிடித்து அந்த வளையத்தை மாட்டிவிடுவார்கள். கால் பருத்துவிட்டால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சொந்தக்காரரைக் கேட்டார்களா?

சீடன்: கேட்டார்களாம். பறக்காத ஹோமர் புறா எனக்கு எதற்கு என்றுவிட்டாராம். என்னை உறுத்துவது அது இல்லை, ஐயா. கூண்டில் பிறந்து, கூண்டுக்காகவே பறந்து, அடிபட்ட பிறகும் இன்னொரு கூண்டா? திறந்து விட்டுவிடுவதுதானே நியாயம்?

குரு: பறக்காததை எந்த வானத்தில் விடப் போகிறாய்? சரி, பறக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கிளியாக இருந்தால் உன் பேச்சு சரி. அது மரப்பொந்திலிருந்து திருடி வந்தது. நம் ஊர்க் கிளியை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும்கூட. புறாவின் கதை வேறு. பாறை இடுக்கில் கூடு கட்டியதை மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்து, சேதி கொண்டுபோக ஒரு வகை, கறிக்கு ஒரு வகை, வானத்தில் கர்ணம் அடிக்க ஒரு வகை என்று பிரித்து எடுத்துவிட்டான். விழா மேடையில் பெரிய மனிதர்கள் வெள்ளைப் புறாவைப் பறக்க விடுவதைப் பார்த்திருப்பாயே? கைதட்டல் ஓய்வதற்குள் அது ஏதாவது ஒரு மொட்டைமாடியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரை தேடிப் பழக்கமில்லை. வல்லூறுக்கோ அந்த வெள்ளை அரை மைல் தூரத்திலேயே தெரியும். இதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சீடன்: அப்படியானால் கூண்டுதான் அதற்கு விடுதலையா?

குரு: அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதே. கூண்டு கூண்டுதான். அதன் முன்னோரை நம்மைச் சார்ந்து வாழும்படி ஆக்கியது நாம், நூலில் கண்ணாடித் தூள் பூசியதும் நாம். கணக்கு நம் பக்கம் நிற்கிறது. அதை யார் தலையில் எழுதுவது என்பதுதான் உன் முன்னால் இருக்கிற கேள்வி.

சீடன்: ஆனால் பாகவதத்தில் அவதூதர் தம் 24 குருமார்களில் புறாவையும் ஒருவராகச் சொல்கிறார். குஞ்சுகள் வேடன் வலையில் விழ, தாய் பின்னாலேயே போய் விழ, ஆண் புறாவும் துக்கம் தாங்காமல் தானே போய் மாட்டிக்கொள்கிறது. பற்று வைத்தால் இப்படித்தான் என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். நான் போய் அதே புறாவிடம் பற்று வைப்பதா?

குரு: நன்றாகக் கேட்டாய். அந்த ஆண் புறாவால் அழ முடிந்தது, வலையை அறுக்க முடியவில்லை. அழுதவன் கையில் கத்தரிக்கோல் இருந்திருந்தால் அவதூதர் வேறு பாடம் படித்திருப்பார் என்பது என் எண்ணம். பண்டிதர்கள் ஒப்பமாட்டார்கள். போகட்டும். நீ காப்பகத்தில் எவ்வளவு நேரம் இருந்தாய்? அதைப் பார்த்தாயா, உன் இரக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயா?

சீடன்: பார்த்தேன், ஐயா. கிண்ணத்தில் அலகை முக்கியது. கோழி மாதிரி தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் உறிஞ்சிக் குடித்தது. கம்பையும் பச்சைப்பயறையும் விட்டுவிட்டுப் பட்டாணியை மட்டும் பொறுக்கித் தின்றது. கையை நீட்டினேன், நல்ல இறக்கையால் பளாரென்று ஓர் அறை. அடுத்த நிமிடமே தொண்டையை உப்பிக்கொண்டு என் கையைச் சுற்றிக் குனிந்து குனிந்து ஆடியது.

குரு: (சிரித்து) ஆண் புறா போலிருக்கிறது. உன் கையை ஜோடி என்று நினைத்துவிட்டது. தனிப் புறா அப்படித்தான், கிடைத்ததோடு ஜோடி சேரப் பார்க்கும். புறாவுக்கு ஜோடிதான் வீடு. இரண்டு முட்டை இடும். அதில் பதினெட்டு நாள் வரை ஆணும் பெண்ணும் முறைவைத்து உட்காரும். பொரித்ததும் இரண்டுமே தொண்டைப் பையில் பால் போல ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். நீ காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவன். பகல் முழுக்க அது யாரைச் சுற்றி ஆடும்?

சீடன்: அம்மா இருக்கிறார்கள்.

குரு: அம்மாவுக்கு இழுப்பு உண்டு என்று நீயே ஒருமுறை சொன்னாய். இறகுத் தூளும் காய்ந்த எச்சமும் வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் ஒரு நோய் வரும். அதற்குப் புறா வளர்ப்பவர்கள் பெயரையே மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். சிபியின் கதை தெரியுமல்லவா?

சீடன்: பருந்துக்குப் பயந்து மடியில் விழுந்த புறாவுக்காகத் தன் சதையை அறுத்துத் தராசில் வைத்தவன். சோழர்கள் தங்களை அவன் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டதைப் புறநானூறும் பேசுகிறது.

குரு: கதையில் எல்லோரும் கத்தியையே பார்க்கிறார்கள். தராசைப் பார். அறுத்து வைக்க வைக்கப் புறாத் தட்டு கனத்துக்கொண்டே போகிறது. கடைசியில் ஆளே ஏறி உட்கார வேண்டியதாயிற்று. உன் புறாவும் அப்படித்தான் கனக்கும். நல்ல பராமரிப்பில் பதினைந்து வருடம்கூட இருக்கும். உனக்குக் கல்யாணமாகும், வேறு ஊருக்கு மாற்றலாகும், வீட்டுக்காரர் எச்சத்தைக் காட்டிக் காலி செய்யச் சொல்வார். இன்னொன்றும் கவனி. சிபி அறுத்தது தன் தொடையை. அரண்மனைச் சமையல்காரன் தொடையை அறுக்கவில்லை.

சீடன்: ...அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

குரு: தெரியும். கேட்டிருந்தால் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பாய்.

சீடன்: மொட்டைமாடியில் தனியாகக் கூண்டு அடித்தால்? அம்மா மாடிக்கு வருவதில்லை. சுத்தம் செய்வது, தீனி வைப்பது எல்லாம் நானே. முகக்கவசம் போட்டுக்கொண்டு, தரையை நனைத்துத் துடைத்தால் தூள் பறக்காது.

குரு: இப்போதுதான் புறாவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாய். கூண்டு அகலமாக இருக்கட்டும். பறக்காத புறா உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பலகைகளைப் படிபோல் தாழ்வாக அடி. கம்பிவலைக் கண் சின்னதாக இருக்க வேண்டும், எலி நுழையக் கூடாது. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியோடு கிளிஞ்சல் தூளும் வை.

சீடன்: முட்டையா?

குரு: ஜோடி சேர்க்கப் போகிறாய் அல்லவா? காப்பகத்தில் பறக்க முடியாத பெண் புறா ஒன்று இருக்கிறதா என்று விசாரி. முட்டையிட்டதும் எடுத்துவிட்டு மரத்தில் கடைந்த முட்டையை வைத்துவிடு. சும்மா எடுத்தால் மறுபடி மறுபடி இட்டுப் பெட்டைக்கு உடம்பு தேய்ந்துவிடும். விட்டுவைத்தால் ஒரே வருடத்தில் உன் மொட்டைமாடி புறா மாடமாகிவிடும்.

சீடன்: பொய் முட்டையா, ஐயா? அடைக்கலம் என்று வந்ததை ஏமாற்றுவது ஆகாதா?

குரு: ஏமாற்றுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. மரத்துண்டின் மேல் அவை நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க உனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சம் போகக் கூடாது. போய்விட்டால் நீயும் அந்த ஹோமரின் பழைய சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவாய்.

சீடன்: அம்மா வேண்டாம் என்றால்?

குரு: அப்போது வேறு நல்ல இடம் கிடைக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவு. எப்படியும் பட்டாணி வாங்கிக்கொண்டு போ.