பேணுதலும் பற்றுதலும்

சேர்க்கையால் உண்டான யாவும் சிதையும் என்பது நாம் கற்ற முதற்பாடம். அவ்வாறாயின், அழியப்போகும் ஒரு பொருளை நாள்தோறும் துடைத்தும் காத்தும் வருவது பற்றாகாதா? தம்மத்தைத் தழுவிய அன்பர் சிலர் இவ்வினாவை எழுப்புகின்றனர். வேறு சிலரோ வினா எழுப்பாமலே, அநித்தியத்தைச் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொள்கின்றனர். இதனை ஆராய, நம் இளைஞர் விரும்பிப் பயிலும் கித்தாரைச் சான்றாகக் கொள்வோம். உபோசத நாளில் எண்சீலம் ஏற்போர் இசையை விலக்குவர். ஐஞ்சீலத்தில் அவ்விலக்கு இல்லை.

கித்தாரின் இன்னொலி எங்கே உறைகிறது? ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ் 1862ஆம் ஆண்டில், பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையால் அமைத்து, மேற்பலகையை மரத்தால் இழைத்து ஒரு கித்தார் செய்தார். ஒலிக்கு உயிர்நிலை மேற்பலகையே என்பதை விளக்க எழுந்த அக்கருவி பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் மேற்பலகை தனித்து ஒலிக்குமோ? தந்தி வேண்டும், குதிரை வேண்டும், உள்ளே காற்று வேண்டும், மீட்டும் விரலும் வேண்டும். ஒலி இவற்றுள் எதனிடத்தும் தனித்து இல்லை. யாவும் கூடுமிடத்தே தோன்றுகிறது. சார்பில் தோன்றுவதைச் சார்புகளைப் பேணியே காக்க இயலும்.

அச்சார்புகளின் இயல்பைக் காண்போம். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் இழுக்கின்றன. அதனைத் தாங்கும் பலகையின் கனமோ 3 மில்லிமீட்டர் அளவே. மேலும், மரம் காற்றின் ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வருவது. ஈரம் மிகின் பலகை உப்பித் தந்தி உயரும், ஒலி மந்தமாகும். ஈரம் வற்றின் பலகை சுருங்கித் தாழும். தந்தி மெட்டுகளில் உரசி இரையும். முடிவில் மரம் வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை நிற்பதே நன்று என்பர் கைவினைஞர்.

தில்லியில் நாமறிந்த ஓர் இல்லத்தில், மறைந்த தந்தையின் கித்தாரை அவர் மனைவியார் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒருவரும் தொடலாகாது என்பது அவர் கட்டளை. அன்பின் மிகுதியே காரணம். இரு கோடைகளின் வறண்ட காற்று கடந்தபின் மகள் மன்றாடித் திறப்பித்தாள். தந்திகள் துருவேறியிருந்தன, குதிரை பெயர்ந்திருந்தது, மேற்பலகை இழையோட்டத்தின் வழியே பிளந்திருந்தது. வெயிலில் எறிந்தவன் செய்திருக்கக்கூடிய கேட்டையே பூட்டி வைத்த அன்பும் செய்துவிட்டது. புறக்கணிப்பும் பற்றும் வெவ்வேறு வாயில்களால் நுழைந்து ஒரே அறையில் சந்திப்பதை அன்று கண்டோம்.

சோண தேரரின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. நடைத் தியானத்தால் உள்ளங்கால் குருதி கசியுமளவு முயன்றும் பயன் காணாது, இல்லறம் திரும்பலாமோ என அவர் தளர்ந்தபோது, வீணையில் வல்லவரான அவரிடம் பகவான் நரம்பைப் பற்றியே வினவினார். மிக முறுக்கிய நரம்பும், மிகத் தளர்ந்த நரம்பும் இசைக்கு உதவா என்பதை அவர் வாயாலேயே கூறவைத்து, முயற்சியின் அளவை உணர்த்தினார். நரம்பிற்கு மட்டுமன்று, மரத்திற்கும் அந்நெறியே பொருந்தும். விரற்பலகைக்கு ஆண்டில் ஓரிருமுறை சில துளி எண்ணெய் போதும். நாளும் பூசினால் மரம் கெடும். துடையாத தந்தியை வியர்வையின் உப்பு அரிக்கும். மூடிய வண்டியின் வெப்பம் பசையை இளக்கும். பேணுதலுக்கும் அளவு உண்டு.

இன்னொன்றும் உண்டு. எத்துணைப் பேணினும் தந்தி ஒருநாள் ஒளியிழந்து ஒலியும் மங்கும். அதனைக் கழற்றிப் புதியது பூட்டுவதே முறை. பழந்தந்தியை இரக்கத்தால் விட்டுவைப்பவன் இசையை இழக்கிறான். காக்க வேண்டியதைக் காத்து, கழிக்க வேண்டியதைக் கழிப்பவனே பேணுவோன்.

எனவே, அநித்தியம் அறிந்தவன் அக்கறையற்றவனாதல் வேண்டுமென்பது பிழை. என்றும் அழியாது என்று எண்ணப்படும் பொருளுக்குக் காவல் எதற்கு? அழியும் என்று அறிந்தமையாலன்றோ துணியெடுத்துத் துடைக்கிறோம்! 'இது என்னுடையது' என்று இறுக்குவது பற்று. 'இது பிறர்க்கும் பயன்படுக' என்று ஓம்புவது கருணை.

அத்தில்லி இல்லத்துக் கித்தார் ஒரு கைவினைஞரால் செப்பமுற்றது. பிளவின் வடு இன்றும் தெரிகிறது. மகள் மாலைதோறும் மீட்டுகிறாள். தாய் அருகிருந்து கேட்கிறார். மீட்டி முடித்ததும் தந்திகளைத் துடைத்துப் பெட்டியில் வைப்பவர் அத்தாயே. அப்பெட்டிக்கு இப்போது பூட்டில்லை.