புயலுக்குப் பாவக் கணக்கு உண்டா?

1996 ஆகஸ்டு 29. மலேசியாவின் பேராக்கில் கம்பார் அருகே மலையில் கொட்டிய பேய்மழை, டிபாங் ஆற்றில் சேறும் மரத்துண்டுகளுமாகத் திரண்டு வந்து போஸ் டிபாங் குடியிருப்பின்மேல் பாய்ந்தது. 44 பேர் மாண்டார்கள்.

அது சேமாய் பூர்வகுடிகளின் ஊர். விலங்குகளைக் கேலி செய்தால் இடியும் புயலும் வரும் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். தோட்டப்புறத் தமிழர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. மழை பொய்த்தால், மாரியம்மனுக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே!

1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது, தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்றார் காந்தி. அப்படிப் பேசியது திருநெல்வேலியில். தாகூர் பதறிப்போனார். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார்.

தாகூர் பக்கமே நியாயம் அதிகம். பீகாரில் தீண்டாமையை அனுபவித்தவர்களின் குடிசைகளும்தான் சரிந்தன. அது அவர்களின் முற்பிறவி வினை என்றால் வாதம் முடிந்துவிடும். ஆனால் அந்த விடையை எவராலும் சோதிக்க முடியாது, செத்தவர் தலையிலேயே பழியும் விழும்.

சேமாய் நம்பிக்கையில் ஒரு நேர்மை இருக்கிறது: குற்றத்தை இந்தப் பிறவியில், மனிதன் பிற உயிர்களை நடத்தும் விதத்தில் தேடுகிறது. மலைக்காட்டை வெட்டுபவரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

ஈப்போவில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. 1973 அக்டோபரில் குனோங் சேரோவின் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து, அடிவாரத்தில் சுமார் 40 பேரைக் கொன்றது. அது முருகன் குடிகொண்ட கல்லுமலை. தைப்பூசக் காவடிகள் இன்றும் அங்கேதான் போகின்றன.