செத்துக் காட்டுகிறவன்

நான் சண்டைப்படப் பைத்தியம். இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. 'சண்டைப் படத்துல என்னய்யா இருக்கு, வெறும் வன்முறைதானே' என்று இலக்கியக் கூட்டங்களில் முகம் சுளிக்கிறார்கள். அடி வாங்கியே பழகின சனம், திருப்பி அடிக்கிறதைத் திரையிலாவது பார்க்க ஆசைப்பட்டால் என்ன தப்பு? என் கேள்வி வேறு. திருப்பி அடித்துப் பிழைத்திருக்கும் உரிமை படத்தில் யாருக்கு? அவனுக்குக் கோபம் வருவதற்காகப் பாதியிலேயே சாகிற வேலை யாருக்கு?

பேர் வாங்க வேண்டிய அளவுக்குப் பேர் வாங்காத இரண்டு அமெரிக்கக் கறுப்பு நடிகர்களை வைத்து இதைப் பேசலாம். வுடி ஸ்ட்ரோட், ஜிம் கெல்லி.

1960இல் வந்த 'ஸ்பார்டகஸ்' படத்தில் ஸ்ட்ரோட், ட்ராபா என்கிற ஆப்பிரிக்க அடிமை. ரோமாபுரிப் பணக்காரர்களின் பொழுதுபோக்குக்காக அவனும் ஸ்பார்டகஸும் ஒருவன் சாகும்வரை மோத வேண்டும். ஜெயிப்பது ட்ராபா. சூலம் ஸ்பார்டகஸின் கழுத்தில் நிற்கிறது. கொல்லு என்கிறார்கள். அவன் கொல்லவில்லை. சூலத்தை மேலே உட்கார்ந்திருப்பவர்களை நோக்கி வீசிவிட்டுத் தாவி ஏறுகிறான். முதுகில் ஈட்டி பாய்கிறது. க்ராஸஸ் அவன் கழுத்தை அறுக்கிறான். மற்ற அடிமைகள் பார்க்கட்டும் என்று பிணத்தைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கிளர்ச்சி வெடிக்கிறது.

1973இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் ஹானின் தீவுக்கு மூன்று வீரர்கள் போகிறார்கள். ப்ரூஸ் லீ, வெள்ளைக்காரர் ஜான் சாக்ஸன், ஜிம் கெல்லி. கெல்லி நிஜத்திலும் 1971 லாங் பீச் கராத்தே போட்டியில் பட்டம் வாங்கியவர். படத்தில் அவன், வழிமறித்துச் சீண்டிய வெள்ளைப் போலீஸ்காரர் இருவரை அடித்துப்போட்டுவிட்டு அவர்கள் வண்டியிலேயே கிளம்பி வந்தவன். ஹாங்காங்கில் படகுகளில் குடியிருக்கும் ஏழை சனத்தைப் பார்த்ததும் தன் ஊர்ச் சேரி அவன் ஞாபகத்துக்கு வருகிறது. மூவரில் அந்தக் கண் அவனுக்குத்தான் இருக்கிறது. அவனைத்தான் ஹான் அடித்தே கொல்கிறான். சங்கிலியில் தொங்கவிட்டு சாக்ஸனுக்குக் காட்டுகிறான். சாக்ஸனுக்கு மனசாட்சி விழிக்கிறது. கடைசியில் உயிரோடு மிஞ்சுகிறான்.

பதிமூன்று வருஷ இடைவெளி. இரண்டிலும் தொங்குவது கறுப்பு உடம்பு. அமெரிக்காவில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டது மற்ற கறுப்பர்களைப் பயமுறுத்த. சினிமாவில் தொங்கவிட்டது வெள்ளைக் கதாநாயகனை உசுப்ப. நோக்கம் மாறியிருக்கிறது, தொங்குகிறவன் மாறவில்லை.

'ட்ராபா தியாகி. அந்தப் படத்தின் உயர்ந்த பாத்திரமே அவன்தானே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். கொல்ல மறுத்தது அவனுடைய சொந்த முடிவு. ஆனால் தியாகம் என்று சொல்ல வேண்டுமானால், பிழைத்திருக்கும் வழியும் அவனுக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரே கூட்டத்து ஆளே படத்துக்குப் படம் தியாகியானால் அது தியாகம் இல்லை. வேலைப் பிரிவினை.

சரித்திரத்திலும் இப்படி ஒரு சாவு தேவைப்படவில்லை. கி.மு. 73இல் காபுவாவில் இருந்து 78 பேர் சமையல்கட்டுக் கத்தியையும் இறைச்சி சுடும் கம்பியையும் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள் என்று ப்ளூடார்க் எழுதுகிறார். ட்ராபா, ஹோவர்ட் ஃபாஸ்டின் 1951 நாவலில் இருந்து வந்தவன். திரைக்கதை டால்டன் ட்ரம்போ. இருவருமே இடதுசாரிகள், அதிகாரத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள். கறுப்பனை இவ்வளவு உயர்த்தி எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் படையில் ஒரு தளபதியாகவாவது அவனை உயிரோடு விட மனசு வரவில்லை. எதிரிகள் எழுதியிருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன்.

ஸ்ட்ரோட் எப்பேர்ப்பட்ட நடிகர்! 1968இல் செர்ஜியோ லியோனி எடுத்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்தின் ஆரம்பத்தில் ரயிலுக்குக் காத்து நிற்பார். தலையில் தண்ணீர் சொட்டும். தொப்பியைப் போட்டுக்கொண்டு, அதில் தேங்கின தண்ணீரை நிதானமாகக் குடிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ரயில் போனதும் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். 1960இல் ஜான் ஃபோர்டின் 'சார்ஜன்ட் ரட்லெட்ஜ்' படத்துக்குத் தலைப்பே அவருடைய பாத்திரத்தின் பேர்தான். ஆனால் நடிகர் பட்டியலில் முதல் பேர், அவருக்காக வாதாடும் வெள்ளை அதிகாரியாக வந்த ஜெஃப்ரி ஹன்டர். ஸ்ட்ரோட் 1994இல் இறந்தார். 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தின் கவ்பாய் பொம்மைக்கு அவர் நினைவாக வுடி என்று பேர் வைத்தார்கள். பொம்மை என்னவோ வெள்ளை.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். 'என்டர் தி டிராகன்' எடுத்த அதே ராபர்ட் க்ளவுஸ், மறு வருஷமே 'பிளாக் பெல்ட் ஜோன்ஸ்' படத்தில் கெல்லியைக் கதாநாயகனாக்கினார். அதில் கெல்லி அடிக்கிறார், ஜெயிக்கிறார், சாகவில்லை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அடுத்தவன் பிணத்தைப் பார்த்துத்தான் மனசாட்சி வரும் என்றால், அந்த மனசாட்சிக்காக நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? ட்ராபா சூலத்தை வீசிவிட்டு மேலே ஏறினபோதே ஸ்பார்டகஸும் கூட ஏறியிருக்கலாம். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.