சபராளியின் ஹக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஆலிம்கள் எழுதும் இந்தப் பக்கத்தில் கடைக்காரனாகிய அடியேன் எழுத முற்பட்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றம் என்னுடையது.

ஜாசினில் உள்ள என் சாப்பாட்டுக் கடையில், ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி தேத்தண்ணீர் கலக்கும் வேலை செய்கிறார். ஓர் இரவு கடையை அடைத்துவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் அவர் தம் உம்மாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. “மலாக்காவை நான் இன்னும் பார்க்கலை உம்மா. கடையைத்தான் பார்த்திருக்கேன்” என்றார். அப்போது அவர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைக்குள்ளேயே அவருக்குக் கழிந்த ஞாயிறுகளை எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் வந்தது. சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தேன். நாங்கள் உண்பதையே அவருக்கும் கொடுத்தேன். ஐவேளை தொழவும் விட்டேன். ஆயினும், முழுநாள் ஓய்வு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டையும், பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி, என் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். அன்றிரவு பேரேட்டில் என் கண் ஓடவில்லை.

நம் வியாபாரிகள், ஹஜ்ரத்மார்களின் பயானில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் சரிதையை மிக விரும்பிக் கேட்போம். மக்காவை விட்டு வெறுங்கையுடன் மதீனா வந்த அன்னாருக்கு, அன்சாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அன்னாரோ, அவர்களுக்காகப் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டினால் போதும் என்றார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று உயர்ந்தார்கள். சபர் வந்து கடை போட்ட நமக்கெல்லாம் இந்தச் சரிதை நெஞ்சை நிமிர்த்துகிறது.

அதே ஹிஜ்ரத்தில் வந்த இன்னொருவரின் செய்தியும் புகாரி ஷரீஃபில் இருக்கிறது. அதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மதீனா வந்த புதிதில் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் விடும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள், மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கே முளைக்கும் புல்லையும் மலைகளையும் நினைத்து ஏங்கிப் பாடுவார்களாம். சகோதரர்களே, சற்று யோசியுங்கள்! சுடுமணலில் கிடத்தி, நெஞ்சில் பாறையை ஏற்றி அன்னாரை வதைத்த ஊரல்லவா அது! அந்த ஊருக்காகவும் மனிதனுடைய நெஞ்சு ஏங்கத்தான் செய்கிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதைச் சொன்னபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிலாலைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பது போல், அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்கு நேசமாக்கி வை என்றும், இவ்வூரின் அளவைகளில் எங்களுக்குப் பரக்கத் செய் என்றும் அல்லாஹ்விடம் துஆக் கேட்டார்கள். முதலில் கேட்டது ஊரின் மீது நேசம். அளவையின் பரக்கத் அதற்குப் பிறகு. நாமோ தராசுக்கு மட்டும் துஆக் கேட்கிறோம். நம் கடைத் தம்பிக்கு இவ்வூர் நேசமாவதற்கு என்ன செய்தோம்? கண்ணால் காணாத ஊரை ஒருவர் எப்படி நேசிப்பார்?

நம் முன்னோரின் வழியைப் பாருங்கள். பாய்மரக் கப்பலில் வந்த வணிகர்கள், காற்றுத் திரும்பும்வரை மாதக்கணக்கில் மலாக்காவில் தங்குவார்கள். 1511இல் போர்த்துகீசியர் இவ்வூரைப் பிடிக்குமுன், சுல்தான்களின் காலத்தில், இங்கே நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். இன்னின்ன நாட்டு வணிகருக்கு இன்னார் பொறுப்பு என்று பிரித்திருந்தது. வந்திறங்கியவன் திக்கற்று நிற்கவில்லை. பின்னாளில் நம்மவர்கள் 1748இல் கம்போங் கிளிங் பள்ளிவாசலை மரத்தால் கட்டினார்கள். 1872இல் அது செங்கல் கட்டிடமாயிற்று. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த நம் பாட்டன்மார் காலத்திலும் அப்பள்ளி இருந்தது. விமானத்தில் வந்திறங்கும் இன்றைய தம்பிக்கும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்ட ஆள்தான் இல்லை. இன்று அந்தத் தம்பிக்கு ஷாபந்தர் யார்? முதலாளியாகிய நாம்தான்.

அடியேன் பத்தொன்பது வயதில் இங்கு வந்தேன். மூன்றாவது வாரமே என் முதலாளி என்னை அப்பள்ளிக்கு அழைத்துப்போய், அதன் ஹவுலில் ஒளுச் செய்ய வைத்தார். அன்றுதான் இது எனக்கு ஊராயிற்று. அந்த நன்மையைப் பெற்றுக்கொண்ட நான், என் முறை வந்தபோது மறந்துபோனேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

“ஞாயிறன்றுதானே தோட்டத்துக் குடும்பங்கள் டவுனுக்கு வருகின்றன? அன்று எப்படி லீவு கொடுப்பது?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓய்வு ஞாயிறாகத்தான் இருக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. திங்களோ செவ்வாயோ, ஆளுக்கொரு நாளாக முறை வைத்துக்கொள்ளலாம்.

“நம் மார்க்கத்தில் வார ஓய்வு நாள் கிடையாதே, ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி அல்லவா கட்டளை?” என்றும் சிலர் கேட்கலாம். உண்மையே. பாங்கு சொன்னது முதல் தொழுகை முடியும்வரை வியாபாரத்தை நிறுத்துவதுதான் அங்கே கட்டளை. ஆனால் உடம்புக்கு உன்மீது ஹக்கு உண்டு, கண்ணுக்கு உன்மீது ஹக்கு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதும் நம் மார்க்கம்தானே! ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிய வேலையை அவர்கள்மீது சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்றும் அருளியிருக்கிறார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை, ஒரு முறைகூட ‘சீ’ என்று அவர்கள் சொன்னதில்லை.

நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு தர வேண்டும். 2023 ஜனவரி முதல் வார வேலை 45 மணி நேரம் என்று குறைக்கப்பட்டிருக்கிறது. பிறருடைய பாஸ்போர்ட்டை நாம் பிடித்து வைப்பதும் 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா சூராவின் தொடக்கத்திலேயே கட்டளை இருக்க, கையெழுத்திட்டு ஆளை வரவழைத்த நாம் அதை மீறலாமா? பாஸ்போர்ட் கையில் இல்லாதவர், லீவு கொடுத்தாலும் போலீசுக்குப் பயந்து வாசலைத் தாண்டமாட்டார்.

மறுநாள் காலையில் அதை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவரையும் ரொட்டி போடும் தம்பியையும் வேனில் ஏற்றிக்கொண்டு மலாக்கா போனேன். ஜாசினிலிருந்து அது கசர் செய்யும் தூரம்கூட இல்லை. எட்டு மாதமாக அந்தத் தூரத்தைத்தான் அவரால் கடக்க முடியவில்லை! கம்போங் கிளிங் பள்ளியில் லுஹர் தொழுதோம். சீனக் கோபுரம் போன்ற மினாராவையும் மூன்றடுக்குக் கூரையையும் அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஆற்றோரம் நடந்தோம். அஸருக்கு, 2006இல் திறக்கப்பட்ட நீரிணைப் பள்ளிவாசலுக்குப் போனோம். அது கடலின் மேல் தூண்களில் நிற்கிறது. “நம்ம ஊரு எந்தப் பக்கம் முதலாளி?” என்று கேட்டார். மேற்கே கையைக் காட்டி, சுமத்ராவுக்கும் அப்பால் என்றேன். உடனே உம்மாவுக்குப் போன் போட்டு, அந்தக் கடலைக் காட்டினார். அடியேன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சகோதரர்களே! லீவு கொடுத்துத் தனியே அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ண வேண்டாம். துணையற்றுப் போகும் வாலிபனுக்கு நம்பர் கடையும் மதுக்கடையும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கின்றன. முதல் தடவையாவது நாம் கூடச் செல்வோம். பள்ளியைக் காட்டுவோம், பஸ் நிற்குமிடத்தைக் காட்டுவோம், ஊர்க்காரர் கடைகளில் அறிமுகம் செய்துவைப்போம். நம் சங்கத்தாரும், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா கடைகளிலுள்ள தம்பிமார்களை மாதம் ஒரு நாள் ஒன்றாக அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடியேனின் வேன் அதற்கு எப்போதும் தயார்.

பிரயாணியின் துஆ மறுக்கப்படுவதில்லை என்பது நபிமொழி. நம் கடைப் பின்கட்டில் படுத்திருக்கும் அந்தப் பிரயாணியின் துஆ நமக்குச் சாதகமாக இருக்கட்டும். யா அல்லாஹ்! நாங்கள் பிறந்த ஊரை நேசமாக்கியது போல் பிழைக்க வந்த ஊரையும் எங்களுக்கும் எங்கள் ஊழியருக்கும் நேசமாக்குவாயாக! எங்கள் அளவைகளில் பரக்கத் செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.